சும்மா ஒரு சோதனைக்கு

மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், கூட்டத்தில் தோளை இடுக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி, ஒரு சின்ன முடிவெட்டும் கடை இருந்தது. இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, கோடியில் தலை அலசுகிற பீங்கான் தொட்டி. ஆணும் பெண்ணும் வந்து போகிற கடை. அதை நடத்தியவளுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் கத்திரியக்கா. கை வேகத்தைப் பார்த்து வைத்ததா, வாய் வேகத்தைப் பார்த்து வைத்ததா என்று யாரும் அவளிடம் நேரில் சொன்னதில்லை.

நான்கு அண்ணன்களுக்கு ஒரு தங்கையாகவும், ஒரு தங்கைக்கு அக்காவாகவும் பிறந்தவள் அவள். அண்ணன்களின் தலையை வெட்டி வெட்டித்தான் கை பழகியது. முதல் அண்ணன் பெண் பார்க்கப் போகிற அன்று காதுக்கு மேலே ஒரு வழுக்கை விழுந்துவிட்டது. அதையும் மீறி அந்தக் கல்யாணம் நடந்தது. அதன்பிறகு அவளுக்குத் தன் தொழில்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. பெரிய கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அந்த பஸ்ஸின் டிரைவர் அவளிடமே முடிவெட்டிக்கொள்ள வந்தார். திரும்பவும் வந்தார். வெட்டுவதற்குத் தலையில் எதுவும் மிச்சமில்லாத நிலையிலும் வந்து உட்கார்ந்தார். “இதுக்கு மேல வெட்டணும்னா மண்டையைத்தான் வெட்டணும்” என்று அவள் சொன்னாள். “அப்ப கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று அவர் கேட்டார். அப்படி முடிந்த காரியம் அது.

டிரைவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கோபப்பட மாட்டார். ஒரே ஒரு பலவீனம்: எவனாவது எதையாவது புதிதாகக் கண்டுபிடித்துவிட்டான் என்று காதில் விழுந்தால் போதும், அந்தச் சாமான் ஒரு வாரத்துக்குள் வீட்டில் இருக்கும். முட்டையைச் சதுரமாக்குகிற பெட்டி. மணி அடித்துக்கொண்டே மேஜையிலிருந்து குதித்து ஓடுகிற கடிகாரம். செருப்பு நனையாமல் இருக்க, செருப்பின்மேல் மாட்டுகிற குட்டிக் குடை. குனியாமலே காலுறை போட்டுக்கொள்ள ஒரு கம்பிச் சட்டம். “எதுக்குங்க இது?” என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். “சும்மா ஒரு சோதனைக்கு.”

“உங்களுக்குச் சோதனை, எனக்கு வேதனை” என்பாள் அவள்.

நாளடைவில் தெருவில் அவருக்குச் சோதனை என்றே பெயர் நின்றுவிட்டது. அவரும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தார்.

கத்திரியக்காவின் கட்சி நேர் எதிர். ஒரு சீப்பு, ஒரு கத்திரி, ஒரு கொண்டை ஊசி. மனிதன் கண்டுபிடித்ததில் உருப்படியானவை இவ்வளவுதான், மற்றதெல்லாம் அலமாரியை அடைக்கப் பிறந்தவை என்பது அவள் தீர்ப்பு. வீட்டில் இடம் போதாமல், கணவரின் சாமான்களைக் கொண்டுவந்து கடையில் கண்ணாடிக்குப் பக்கத்துத் தட்டில் வரிசையாக அடுக்கினாள். பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான். சிரிப்பு வாக்குவாதமானது, வாக்குவாதம் பட்டிமன்றமானது. சில பேர் முடி வளராமலே வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

தினமும் தவறாதவர்கள் மூன்று பேர். பக்கத்து மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தபால் பையோடு கால் ஆற வருகிற தபாலம்மா.

“உலகத்துலயே பெரிய கண்டுபிடிப்பு சோப்புதான். எங்க கடையில இருக்குற பாதி மருந்து, சோப்பு போட்டுக் கை கழுவாதவனுக்குத்தான்” என்பார் மருந்துக்கடைக்காரர்.

“பூஜ்யம்” என்பார் வாத்தியார். வேறெதுவும் சொல்லமாட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுகிறவர்களோடு அவர் பேசுவதில்லை.

“கதவுல தபால் போட ஒரு ஓட்டை வைக்கிறாங்க பாருங்க, அதைக் கண்டுபிடிச்சவன் மகராசன். அதையே கணுக்கால் உயரத்துல வைக்கணும்னு கண்டுபிடிச்சவனை மட்டும் நான் ஒருநாள் பார்க்கணும்” என்பாள் தபாலம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

சதுர முட்டைப் பெட்டியை வாத்தியார் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். “இதுல முட்டை சதுரமா வந்து என்ன ஆகப்போகுது?”

“உருண்டு கீழ விழாது சார்” என்றார் டிரைவர் பணிவாக.

“உங்க வீட்டு முட்டை எத்தனை தடவை உருண்டு விழுந்திருக்கு?”

“அவிச்ச முட்டையா, பச்சை முட்டையா?”

வாத்தியார் பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

அன்று அதிகமாக அடி வாங்கியது ஒரு பலகை. நடுவில் மூன்று ஆணிகள் தலைகீழாக நிற்கும். ஒரு மூலையில் ‘ட’ மாதிரி ஒரு விளிம்பு. அடியில் மேஜையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிற ரப்பர் கால்கள். காயையோ பழத்தையோ ஆணியில் குத்தி வைத்துவிட்டு வெட்ட வேண்டும். கத்திரியக்கா ஒரு வாடிக்கையாளரின் பின்னந்தலையில் வேலையாக இருந்தபடியே சொன்னாள்: “ஆணியில குத்தி வச்சுத்தான் ஆப்பிளை வெட்டணுமாம். அப்ப இன்னொரு கை எதுக்கு? இடுப்புல வச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கவா?” பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சிரிக்கும்போது ஆடிய வாடிக்கையாளரின் கழுத்தோர முடி கொஞ்சம் கூடுதலாகவே போய்விட்டது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் டிரைவர் ஒரு சோப்பு டப்பாவைக் கொண்டுவந்தார். சுவரில் மாட்டிவிட்டால், கையை நீட்டியதும் தானாகச் சோப்பை உமிழும். மருந்துக்கடைக்காரர் மனம் குளிர்ந்து போய் அவரே ஆணி பிடித்துக் கொடுத்தார். டப்பா தலை அலசும் தொட்டிக்கு மேலே ஏறியது.

டப்பாவுக்குக் கைக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. துண்டு அசைந்தாலும் துப்பியது. ஆள் நிழல் பட்டாலும் துப்பியது. ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில், காற்றில் ஆடிய திரைச்சீலைக்கு அது விடாமல் மரியாதை செய்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டிப் பக்கம் போன கத்திரியக்காவின் கால் ஒரு திசையிலும் உடம்பு ஒரு திசையிலும் போனது. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் ‘மளுக்’ என்று ஒரு சத்தம். விழுந்து கிடந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது டப்பா அவள் நெற்றியில் இன்னும் ஒரு சொட்டு வைத்தது.

ஆஸ்பத்திரியில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரிக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆகும், அதுவரை கத்திரியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். டிரைவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தரையைப் பார்த்தே வந்தார். அவள்தான் பேசினாள்.

“என்ன, மூஞ்சி தொங்கிப் போச்சு?”

“என்னாலதான.”

“உங்களாலதான். அதுக்காக அழுதுடாதீங்க, எனக்குக் கண்ணைத் துடைச்சுவிட ஒரு கைதான் இருக்கு.”

மறுநாளே அவர் கடைக்குப் போய், சுவரிலிருந்து டப்பாவைப் பிடுங்கி, தட்டிலிருந்த சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் வாரிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். “லீவு கிடைக்கிற அன்னைக்குப் பழைய சாமான் கடையில போட்டுடறேன். இனிமே எதுவும் வாங்க மாட்டேன்” என்றார். பெட்டி நடையில், சுவரோரமாக உட்கார்ந்தது. கத்திரியக்கா பல வருஷமாக ஆசைப்பட்ட நாள் அது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளால் அதைக் கொண்டாட முடியவில்லை.

கடையைத் தங்கை பார்த்துக்கொண்டாள். டிரைவருக்குக் காலை ஷிப்ட். விடியும்போதே ரொட்டியும் சூப்பும் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சூப்பைக் குடித்துவிட்டால் அப்புறம் நாள் பூராவும் அவளும் அந்தக் கட்டும்தான். ஒரு கையால் எதெல்லாம் முடியாது என்பது அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பற்பசை மூடியைத் திறக்கப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவினால் ரொட்டி மேஜையெல்லாம் ஊர்வலம் போனது. அதைத் துரத்திக்கொண்டே போய்ச் சர்க்கரை டப்பாவைத் தள்ளிவிட்டாள். அடுத்து ஒரு ஆப்பிள். இடது கையில் கத்தியை எடுத்தால் பழத்தைப் பிடிக்க ஆள் இல்லை. கட்டுப்போட்ட முழங்கையால் அழுத்தினாள். அது துள்ளிக் குதித்து, நடையில் உருண்டுபோய், அட்டைப்பெட்டியில் முட்டி நின்றது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் வீட்டில் தானே தனியாக இருக்கும்போது யாருக்காகச் சுற்றுமுற்றும் பார்க்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பலகை மேலாகவே கிடந்தது. மேஜையில் வைத்து அழுத்தியதும் ரப்பர் கால்கள் ‘பச்’ என்று பிடித்துக்கொண்டன. ஆப்பிளை ஆணியில் குத்தினாள். அது அசையாமல் நின்றது. இடது கையால் கோணலும் மாணலுமாகத் தோலைச் சீவி, துண்டு துண்டாக வெட்டி, நின்றபடியே முழுப் பழத்தையும் தின்று தீர்த்தாள். பிறகு ரொட்டியை அந்த ‘ட’ விளிம்பில் சாய்த்து வைத்து வெண்ணெய் தடவினாள். ரொட்டி எங்கும் போகவில்லை.

பலகையைக் கழுவித் திரும்பப் போடும்போதுதான் அதன் உறையைக் கவனித்தாள். கடையில் அத்தனை பேர் கையிலும் புரண்ட உறை அது. முன்பக்கம் சிரித்துக்கொண்டு சமைக்கிற ஒரு குடும்பம். பின்பக்கம் மூலையில், தபால்தலை அளவுக்கு ஒரு படம்: பலகைக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறாள், அவளுடைய ஒரு சட்டைக் கை, உள்ளே கை இல்லாமல், மடித்து ஊசி குத்தப்பட்டிருக்கிறது. கத்திரியக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இன்னொரு கை எதுக்கு’ என்று தான் கேட்டதும், பெஞ்சு சிரித்ததும் நினைவுக்கு வந்தன. காது சூடானது.

அடுத்த நாள் காலுறைக் கம்பியும் வெளியே வந்தது. அதற்கடுத்த நாள் ஒற்றைக்கையால் டப்பா திறக்கிற பிடி. ஒவ்வொன்றையும் வேலை முடிந்ததும் துடைத்து, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே பெட்டிக்குள் வைத்தாள். உடம்புக்குச் சௌகரியம் வேண்டியிருந்தது, வாய்க்கு மானம் வேண்டியிருந்தது.

ஆனால் திருட்டுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஒரு சாயங்காலம் டிரைவர் வந்து செருப்பைக் கழற்றும்போது குனிந்தவர், பெட்டிக்குள் எதையோ பார்த்து அப்படியே நின்றார். பலகையை எடுத்தார். நடு ஆணியில் சுருளாக ஒரு ஆப்பிள் தோல்.

கத்திரியக்கா ஜன்னலுக்கு வெளியே ரொம்ப முக்கியமான எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாங்கிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வரப்போவதில்லை. அவர் அந்தத் தோலை மெதுவாகப் பிடுங்கி எடுத்தார்.

“சோதனைக்கா?” என்றார்.

“சும்மா” என்றாள் அவள்.

சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்ததில் கட்டுப்போட்ட கை வலித்தது. “மெதுவாச் சிரிங்க, வலிக்குது” என்று அவரை அதட்டினாள். அவள் விழுந்த நாளுக்குப் பிறகு அவர் முகம் பழையபடி ஆனது அன்றுதான்.

கட்டோடேயே அவள் கடைக்குப் போனாள். வெட்ட முடியாவிட்டாலும் பேச முடியும். கணவர் பெட்டியைத் தூக்கிவந்து வைக்க, சாமான்களை மறுபடி தட்டில் அடுக்கினாள். பலகையை எடுத்து எல்லாருக்கும் நடுவில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அந்த உறையின் பின்பக்கத்தையும் காட்டினாள். தபாலம்மா அதை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினாள்.

வாத்தியார் மட்டும் விடவில்லை. “சரிம்மா. பலகை உபயோகம். ஒத்துக்கறேன். அதுக்காகச் சதுர முட்டையும் உபயோகம்னு ஆயிடாது.”

“நான் அப்படிச் சொல்லலையே சார். இங்க உக்காந்து சிரிச்சாத் தெரியாதுன்னு சொல்றேன். ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. வீட்ல வச்சுப் பாருங்க. அப்புறம் வந்து பேசுங்க.”

அதிலிருந்து பட்டிமன்றத்துக்கு உயிர் வந்தது. ஓடுகிற கடிகாரத்தை மருந்துக்கடைக்காரர் தன் மருமகனுக்கென்று கொண்டுபோனார். எட்டு மணிக்கும் எழாத மருமகன் அவர். காலையில் கடிகாரம் குதித்து ஓடி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அங்கிருந்து கத்தியது. அதை எடுக்க வீடே எழுந்து பெட்டியை நகர்த்தியது. மருமகன் மட்டும் எழவில்லை. “வீண்” என்று தட்டில் வைத்துவிட்டு, கூடவே காலுறைக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார் மருந்துக்கடைக்காரர். மகளுக்கு நிறைமாதம். தன் பாதத்தைத் தானே பார்த்துப் பல வாரங்கள் ஆகிவிட்டன அவளுக்கு. அந்தக் கம்பி திரும்பி வரவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

செருப்புக் குடையைச் சைக்கிள் கடைக்காரர் மழையில் சோதித்தார். கால்விரல் இரண்டு நனையாமலும், மிச்ச உடம்பு முழுக்க நனைந்தும் வந்து சேர்ந்தார். சதுர முட்டைப் பெட்டியை வாத்தியாரே யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்துப் போயிருந்தார். கொண்டுவந்து வைக்கும்போது, “சாண்ட்விச்சுக்குள்ள நல்லா உக்காருது. ஆனா வீண்தான்” என்றார்.

நூலகத்தில் வேலை செய்கிற பெண் வந்தது அந்த நாட்களில்தான். சக்கர நாற்காலியில் வந்தாள். வாசலில் படி இல்லாததால் நேரே உள்ளே உருட்டிக்கொண்டு வந்து, தட்டை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

“இங்க உபயோகமான சாமானெல்லாம் கொடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“எது வேணும், சொல்லும்மா.”

“இதுல எதுவும் வேண்டாம்க்கா. அந்தத் தொட்டிதான்.” கோடியில் இருந்த பீங்கான் தொட்டியைக் காட்டினாள். “அதுல தலையைச் சாய்க்கணும்னா அந்த நாற்காலிக்கு என்னைத் தூக்கி மாத்தணும். ஆளுங்க என்னைத் தூக்கறது எனக்குப் பிடிக்காது. எந்தக் கடைக்குப் போனாலும் தண்ணியைத் தெளிச்சு வெட்டி அனுப்பிடறாங்க. இங்கயாவது ஏதாவது வழி இருக்கான்னு கேக்க வந்தேன்.”

பூஜ்யத்தையும் சோப்பையும் தாங்கிப் பேசியவர்கள் அந்தத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அடுத்த மாசம் வா” என்றாள் கத்திரியக்கா.

அன்று மாலை அவள் கணவரிடம் தகரம் வெட்டுகிற கத்திரி கேட்டபோது அவர் பயந்துபோனார். “நாற்காலியில இருந்தபடியே தலை அலசறதுக்குக் கடையிலயே தட்டு விக்கிறாங்கம்மா. வாங்கிடலாம்.”

“கண்டவன் செஞ்சது அவ கழுத்துக்குப் பொருந்துமா? நாமளே செய்வோம்.”

“எதுக்கு வேண்டாத வேலை?”

அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவரே யோசித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் கட்டுப் பிரித்துவிட்டிருந்தார்கள், கை மெலிந்துபோயிருந்தாலும் விரல்கள் வேலைக்குத் துடித்தன. அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றின் ஓரத்தைக் கழுத்து வளைவுக்கு வெட்டினார்கள். வெட்டிய விளிம்பில் ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டினார்கள். மறுகோடியில் தண்ணீர் இறங்க ஒரு சரிவு, சரிவுக்குக் கீழே ஒரு வாளி. தட்டு எந்த நாற்காலி முதுகிலும் தொங்க இரண்டு கொக்கி.

முதல் சோதனை டிரைவர் மேல். தண்ணீர் வாளியைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. பெரும்பகுதி அவர் காலருக்குள் இறங்கி முதுகு வழியாக வெளியே வந்தது. “எப்படி இருக்கு?” என்று அவள் கேட்க, “குளிச்ச மாதிரி இருக்கு” என்றார். இரண்டாவது தடவை வாத்தியார் தானாகவே வந்து உட்கார்ந்தார். சரிவு இத்தனை பாகை இருந்தால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது என்று காகிதத்தில் போட்டுக் காட்டியிருந்தார். அவர் சொன்ன சரிவில் தண்ணீர் அவர் காதுக்குள் போனது. அன்று முழுக்க ஒரு காலில் குதித்துக்கொண்டிருந்தார். வெட்டின வளைவு பெரிதாகப் போய்விட்டது, அதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தது கத்திரியக்காவின் தங்கை. புதுத் தட்டு வாங்கி, வளைவைச் சின்னதாக வெட்டினார்கள். தபாலம்மா கழுத்தைக் கொடுத்தாள். தண்ணீர் வாளிக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

சொன்னபடி அடுத்த மாதம் நூலகத்துப் பெண் வந்தாள். கடை அன்று நிறைந்திருந்தது. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் அதில் யாரும் இல்லை. டிரைவர் லீவு போட்டுவிட்டு வாளியோடு நின்றார். கத்திரியக்கா தட்டை மாட்டினாள், துண்டைப் போர்த்தினாள், கூந்தலைப் பிரித்தாள். கை அப்படியே நின்றது.

“என்னம்மா, தலை ஈரமா இருக்கு?”

அந்தப் பெண் கண்ணாடியில் அவளைப் பார்த்து அசடு வழிந்தாள். “எனக்கு நம்பிக்கையே இல்லக்கா. எதுக்கும் இருக்கட்டும்னு காலையில வீட்லயே குளிச்சிட்டு வந்துட்டேன்.”

வாத்தியார்தான் முதலில் சிரித்தார். பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாதபடி கடை குலுங்கியது. டிரைவர் சிரித்ததில் வாளி ஆடியது.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை குளிச்சா முடி கொட்டிடாது. சாயும்மா” என்றாள் கத்திரியக்கா.

அவள் சாய்ந்தாள். யாரும் அவளைத் தூக்கவில்லை. தண்ணீரைத் தன் மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு, நெற்றியிலிருந்து மெதுவாக விட்டாள் கத்திரியக்கா. தண்ணீர் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, சரிவில் இறங்கி, வாளியில் விழுந்தது. விரல்கள் நுரைக்குள் போய் உச்சந்தலையைப் பிடித்துவிட ஆரம்பித்தன. முகத்தை இறுக்கி வைத்திருந்த அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை மூடினாள்.

வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை. பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து வந்தார். “சொல்லும்மா. உபயோகமா, வீணா?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க சார். யோசிச்சுச் சொல்றேன்.”